ஷிஃப்ட் மென்பொருளில் ரேட் விதிகளை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஓர் ஆள் சப்ளை நிறுவனத்தில் பில்லிங் பார்க்கிறேன். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங் ஆட்கள் என்று பீன்யாவிலிருந்து ஓசூர் வரை சைட்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, ஷிஃப்ட்டை வைத்துச் சம்பளமும் பில்லும் கணக்குப் போடும் மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான். பெரும்பாலோர் தடுக்குவது ஒரே இடத்தில். ரேட்டை எல்லாம் சரியாக ஏற்றிவிடுவார்கள். எந்த விதி எதற்கு முன்னால் ஓடுகிறது என்பதைப் பார்க்க மாட்டார்கள். எண்கள் அத்தனையும் சரியாக இருக்கும், பில் மட்டும் தப்பாக வரும்.

மென்பொருளுக்கு மென்பொருள் மெனுவின் பெயர் மாறும். வரிசை மாறாது. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் வந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

1. கணினியைத் திறப்பதற்கு முன்

மேசையில் இவை இருக்க வேண்டும்: கையெழுத்தான ஒர்க் ஆர்டர் (கிளையன்ட் தந்த வேலை ஆணை), அதோடு இணைத்த ரேட் பிரேக்கப் தாள், அந்த மாநிலத்தின் நடப்புக் குறைந்தபட்ச ஊதிய ஆணை, அந்த சைட்டின் விடுமுறைப் பட்டியல், போன மாத மஸ்டர் ரோல் (ஆள்வாரி வருகைப் பதிவு), அந்த மஸ்டர் ரோலுக்குக் கையால் போட்டு கிளையன்ட் பணமும் கொடுத்துவிட்ட பில். கடைசி இரண்டும் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். பத்தாவது படியில் அவைதான் நம் விடைத்தாள்.

பிறகு ஒர்க் ஆர்டரை வரி வரியாகப் படித்து, அதில் பதில் இல்லாத கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மாத ரேட்டை எத்தனை நாளால் வகுப்பது? ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எட்டு மணி தாண்டினாலா, பன்னிரண்டு தாண்டினாலா? கிளையன்ட் ஓ.டி.க்கு சிங்கிள் ரேட் தருவாரா, டபுளா? விடுமுறை நாளில் போஸ்ட்டை (ஓர் ஆள் நிற்க வேண்டிய இடத்தை) நிரப்பச் சொன்னால் கூடுதல் பணம் யாருடையது? சர்வீஸ் சார்ஜ், அதாவது நம் கட்டணம், எதன் மேல்?

பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். "அதெல்லாம் பேசிட்டோம் தம்பி" என்று ஃபீல்டு ஆபீசர் சொல்வார். பேசியது பில் தகராறில் நிற்காது.

2. சம்பள ரேட் வேறு, பில் ரேட் வேறு

ஒரே ஷிஃப்ட்டுக்கு இரண்டு கணக்கு ஓடுகிறது: ஆளுக்கு நாம் கொடுப்பது, கிளையன்ட்டிடம் நாம் வாங்குவது. முதலாவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவதை ஒப்பந்தம். "பில் ரேட் = சம்பளம் + இத்தனை சதவீதம்" என்று ஒரே விதியாகப் போட மென்பொருள் ஒரு சுலபவழி காட்டும். அதைத் தொடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். கிளையன்ட் ஓ.டி.க்கு சிங்கிள் ரேட்தான் தருவேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதற்காக ஆளுக்கும் சிங்கிள் கொடுக்க முடியாது, ஓ.டி.க்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அது 59ஆம் பிரிவாக இருந்தது; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்றுதான் சொல்கிறது. இரண்டையும் ஒரே விதியில் கட்டினால் ஒன்று ஆளை ஏமாற்றுவோம், இல்லையென்றால் கிளையன்ட்டுக்குத் தப்பான பில் அனுப்புவோம்.

இன்னொரு வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. சம்பளப் பக்கம் ஓ.டி. ஆளை வைத்து எண்ணப்படும், பில் பக்கம் போஸ்ட்டை வைத்து. எலக்ட்ரானிக் சிட்டியில் எட்டு மணி நேரம் முடித்த ஒருவரை அன்றைக்கே சிங்கசந்திராவில் ரிலீவராக (மாற்று ஆளாக) இன்னொரு எட்டு மணிக்கு அனுப்பினால், இரண்டாவது கிளையன்ட்டுக்கு அது சாதாரண ஷிஃப்ட். அவர் சாதாரண ரேட்தான் தருவார். நமக்கோ அது முழுக்க ஓ.டி. மென்பொருளில் "ஓ.டி. கணக்கின் அடிப்படை" என்ற அமைப்பு இருந்தால் சம்பளத்துக்கு ஊழியர், பில்லுக்கு சைட் என்று வையுங்கள். டபுள் டியூட்டியில் எவ்வளவு போகிறது என்பது முதல் மாதமே கணக்கில் தெரிந்துவிடும். எங்கள் முதலாளிக்குத் தெரிந்த அன்று ரிலீவர் பட்டியலில் மூன்று பேர் கூடினார்கள்.

3. சைட்டுக்கு ஒரு நாட்காட்டி

விடுமுறைப் பட்டியலை நிறுவனத்துக்கு ஒன்று என்று போடாதீர்கள். சைட்டோடு கட்டுங்கள்.

அத்திபெலெ கர்நாடகம். சோதனைச் சாவடியைத் தாண்டி ஜூஜூவாடி வந்தால் தமிழ்நாடு. ஒரே ஃபீல்டு ஆபீசர் ஒரே பைக்கில் இரண்டையும் பார்க்கிறார் என்பதால் ஒரே ரேட் கார்டில் போட்டுவிட முடியாது. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடகத்தில் சட்டப்படி விடுமுறை; ஓசூரில் அன்று வேலை நாள். பொங்கலுக்கு ஓசூர் ஆலை மூடியிருக்கும், மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கும் மூடியிருக்கலாம். பெங்களூரு சைட்டில் சங்கராந்தி ஒரு நாளோடு போய்விடும். குறைந்தபட்ச ஊதிய ஆணையும் இரண்டு மாநிலத்துக்கும் வேறு.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் இரண்டு பக்கமும் பொது. இவற்றை ஓர் அடிப்படைப் பட்டியலாக வைத்து, மாநிலப் பட்டியலை அதன் மேலும், கிளையன்ட் தேர்ந்தெடுத்த பண்டிகைகளை அதற்கும் மேலும் அடுக்குவது என் வழக்கம். அடுத்த வருடம் மேல் அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

4. மாத ரேட்டை நாளாக உடைப்பது

ஒர்க் ஆர்டரில் ஆளுக்கு மாதம் ரூ. 23,400 என்று இருக்கும். மென்பொருள் மணி ரேட் கேட்கும். நடுவில் ஒரு வகுத்தல் இருக்கிறது. மாதக் கடைசிச் சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

26ஆல் வகுத்தால் ஒரு நாள் ரூ. 900. 30ஆல் வகுத்தால் ரூ. 780. ஓர் ஆள் 20 டியூட்டி பார்த்திருந்தால் ஒரு கணக்கில் ரூ. 18,000, இன்னொன்றில் ரூ. 15,600. ஒரே ஆளுக்கு 2,400 ரூபாய் வித்தியாசம்.

வாராந்திர விடுமுறை சம்பளத்துக்குள் அடங்கிய சைட்டில் 26 என்பது வழக்கம். வருடம் முழுக்க ஒரு நாள்கூட காலியாக இருக்கக் கூடாத செக்யூரிட்டி போஸ்ட்டுக்குப் பல கிளையன்ட்கள் 30 அல்லது அந்த மாதத்தின் நாட்கள் என்று கேட்பார்கள். எது சரி என்று நம் மனதில் முடிவு கட்டாமல், ஒர்க் ஆர்டரில் இருப்பதைப் போடுங்கள். இல்லையென்றால் முதல் படியின் மின்னஞ்சல்.

26ஐத் தேர்ந்த பிறகும் ஒரு பொறி உண்டு. 31 நாள் மாதத்தில் நான்கு ஞாயிறு வந்தால் 27 வேலை நாள். 27ஐ 900ஆல் பெருக்கினால் ரூ. 24,300. "மாதம் 23,400 என்றுதானே பேச்சு?" என்று கிளையன்ட்டின் அக்கவுன்ட்ஸ் ஆள் கேட்பார், நியாயமான கேள்வி. அதனால் வந்த நாளைக் கூட்டாமல், வராத நாளைக் கழிக்கும்படி விதியை அமையுங்கள்: முழு மாதம் ரூ. 23,400, ஓர் ஆப்சென்ட்டுக்கு ரூ. 900 குறைவு. நடு மாதத்தில் சேர்ந்தவர், விலகியவர் ஆகியோருக்கு மட்டும் நாள் கணக்கு.

5. நேரத்தை வெட்டும் விதிகள்

பணத்தைப் பெருக்குவதற்கு முன்னால் நேரம் சரியாக இருக்க வேண்டும். அதனால் ஓ.டி., நைட் எதையும் தொடாமல் முதலில் நேர விதிகளை முடியுங்கள்.

பஞ்ச் நேரத்தை (வந்ததும் போனதும் பதிவாகும் நேரத்தை) முழுமையாக்குவது: 7:52க்கு வந்தவரை 8:00க்கு வந்ததாக எடுத்துக்கொள்வீர்களா? 15 நிமிட அலகு என்றால் மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா, அருகில் உள்ளதற்கா? ஆளுக்குப் பாதகமாக மட்டுமே தள்ளும் விதியை வைக்காதீர்கள். அரை மணி நேரம் முன்னால் வந்து சைட் கேட்டில் நிற்பவர்கள் நம் ஆட்கள். அந்த நேரம் வேலையா இல்லையா என்பதை சூப்பர்வைசர் ஒப்புதலுக்கு விடுங்கள்.

இடைவேளை: சாப்பாட்டு நேரம் சம்பளத்தில் உண்டா, பில்லில் உண்டா என்பதற்கு இரண்டு தனிப் பதில்கள். தனியாளாக கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இடைவேளையைத் தானாகக் கழிக்கும் விதி வைப்பது அபத்தம். அவர் டிபன் பாக்ஸை கேட்டிலேயேதான் திறக்கிறார்.

நள்ளிரவு: ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது அதை 12 மணியில் இரண்டாக வெட்டுவதா, தொடங்கிய தேதியிலேயே முழுதாக எழுதுவதா? பெரும்பாலான மென்பொருளில் இது எங்கோ ஒரு மூலையில் ஒற்றை டிக் பெட்டியாக இருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரத்தை முந்தைய நாளோடு சேர்த்து எண்ணச் சொன்னது. அந்தப் பழக்கத்தில் ஊறிய ஆலை நிர்வாகங்கள் தொடங்கிய தேதியைத்தான் கேட்பார்கள். ஐ.டி. வளாகங்களில் நாட்காட்டித் தேதிப்படி வெட்டச் சொல்வார்கள். ஆகவே இதுவும் சைட்டுக்கு சைட்.

6. ஒன்றின் மேல் ஒன்றாக விதிகள் விழும்போது

இதுதான் மையம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

அக்டோபர் 31 இரவு 8 மணிக்கு பீன்யாவில் ஒருவர் டியூட்டி ஏறுகிறார். நவம்பர் 1 காலை 8 மணிக்கு இறங்குகிறார். கணக்குக்கு எளிதாக மணிக்கு ரூ. 100 என்று வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை நைட் அலவன்ஸ் மணிக்கு ரூ. 10. எட்டு மணி தாண்டினால் ஓ.டி. இரட்டிப்பு, விடுமுறை இரட்டிப்பு.

பன்னிரண்டு மணி நேரம் இப்படிப் பிரிகிறது: 8 முதல் 10 வரை சாதாரணம். 10 முதல் 12 வரை நைட். 12 முதல் 4 வரை விடுமுறையும் நைட்டும். 4 முதல் 6 வரை விடுமுறை, நைட், ஓ.டி. மூன்றும். 6 முதல் 8 வரை விடுமுறையும் ஓ.டி.யும்.

கூட்டல் முறை: அடிப்படை 1,200, விடுமுறைக்காக எட்டு மணிக்குக் கூடுதல் 800, ஓ.டி.க்காக நான்கு மணிக்குக் கூடுதல் 400, நைட் 80. மொத்தம் ரூ. 2,480.

பெருக்கல் முறை: விடுமுறையும் ஓ.டி.யும் சேரும் நான்கு மணிக்கு ரேட் நான்கு மடங்காகிறது. மொத்தம் ரூ. 2,880. நைட் அலவன்ஸையும் அடிப்படையில் சேர்த்துப் பெருக்கினால் ரூ. 2,980.

"பெரியது மட்டும்" முறை: விடுமுறையும் ஓ.டி.யும் மோதும் இடத்தில் ஒன்றுதான் எடுபடும். மொத்தம் ரூ. 2,080.

நள்ளிரவில் வெட்டாமல் எல்லாம் அக்டோபர் 31 என்று எழுதினால், விடுமுறையே கிடையாது. ரூ. 1,680.

ஒரே ஆள், ஒரே இரவு, ஐந்து விடைகள். எந்த ரேட்டும் தப்பாக ஏறவில்லை. ரேட் கார்டை மட்டும் சரிபார்க்கும் ஆள் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் நான் கூட்டல் முறையைத்தான் வைப்பேன். ஒவ்வொரு கூடுதலும் பில்லில் தனி வரியாக நிற்கும், கிளையன்ட் கேட்டால் விரல் வைத்துக் காட்டலாம். பெருக்கல் முறையில் வரும் 400 ரூபாயை ஏன் என்று விளக்க அரை மணி நேரம் ஆகும். நைட் அலவன்ஸை சதவீதமாகப் போடாமல் தொகையாகப் போடுவதும் இதே காரணத்துக்காக. ஆனால் அலவன்ஸ் ஓ.டி.க்கான ஊதியத்தில் சேருமா என்பதை சம்பளப் பக்கத்தில் உங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பில் பக்கத்தின் வசதிக்காக அங்கே குறைக்கக் கூடாது.

7. இரண்டு விதிகள் மோதினால்

குறிப்பானது பொதுவானதை வெல்ல வேண்டும். வரிசை இப்படி: நிறுவனத்தின் பொது ரேட், அதற்கு மேல் கிளையன்ட் ரேட், அதற்கு மேல் சைட் ரேட், அதற்கு மேல் சைட்டில் உள்ள பதவிக்கான ரேட். உச்சியில், ஒரு தனி ஆளுக்கான ரேட்.

உச்சியில் இருப்பதை முடிந்தவரை காலியாக விடுங்கள். "இவர் பழைய ஆள், ஐம்பது ரூபாய் கூடப் போடு" என்று ஆரம்பிக்கும். அவர் வேறு சைட்டுக்கு மாறும்போது அந்த ரேட்டும் கூடவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒயிட்ஃபீல்டிலிருந்து மாறிய ஒரு சூப்பர்வைசரின் ரேட், புதிய சைட்டின் பில்லில் ஐந்து மாதம் யார் கண்ணிலும் படாமல் வந்தது. கிளையன்ட் கண்டுபிடித்ததும் ஐந்து மாதத்துக்கும் கிரெடிட் நோட் (கூட வாங்கியதைக் கழிக்கும் சீட்டு) போட்டோம். பழைய ஆளுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் "சீனியர்" என்று ஒரு பதவியை உருவாக்குங்கள்.

8. பில் பக்கம்: சட்டச் செலவு, சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி

ஒவ்வொரு செலவும் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். முதலாளி பங்கு பி.எஃப்., நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம். அது அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றின் மேல், ரூ. 15,000 உச்சவரம்போடு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், ரூ. 21,000க்குள் சம்பளம் வாங்குபவருக்கு. இந்த எண்களை விதிக்குள் புதைக்காமல் தனி மாறிகளாக வையுங்கள், அரசு மாற்றும்போது ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

ஓ.டி. தொகைக்கு பி.எஃப். கிடையாது. இதைப் பார்க்காமல் ஓ.டி.க்கும் முழுச் செலவுச் சதவீதத்தை ஏற்றினால், கட்டாத பி.எஃப்.ஐ கிளையன்ட்டிடம் வசூலித்ததாக ஆகும். அவருடைய ஆடிட்டர் பி.எஃப். கட்டிய சலானோடு ஒப்பிடும் நாளில் தலை குனிய வேண்டும். ஓ.டி.க்கு ஒரு தனிச் செலவுத் தொகுப்பு உருவாக்குங்கள்.

சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் என்றால், சம்பளம் ரூ. 20,000 மேல் மட்டுமா, சட்டச் செலவு ரூ. 5,000 சேர்த்து 25,000 மேலா? ரூ. 1,600க்கும் ரூ. 2,000க்கும் 400 ரூபாய்தானே என்று தோன்றும். 60 பேர் உள்ள சைட்டில் அது மாதம் ரூ. 24,000.

ஜிஎஸ்டி 18 சதவீதம் கடைசி. அது ரேட் விதி அல்ல, வரி அமைப்பில் போட வேண்டியது. சம்பளம் உட்பட பில்லின் முழு மதிப்பின் மேலும் விழும். கம்பெனியாகப் பதிவாகாத நிறுவனம், ஜிஎஸ்டி பதிவுள்ள கிளையன்ட்டுக்கு செக்யூரிட்டி ஆட்களைக் கொடுத்தால் பொதுவாக வரியைக் கிளையன்ட்டே கட்டுவார். அதே நிறுவனத்தின் ஹவுஸ்கீப்பிங் பில்லில் நாம்தான் வாங்கிக் கட்ட வேண்டும். ரேட்டுக்குள் வரியைக் கலந்திருந்தால் இதைப் பிரிக்கவே முடியாது.

9. தேதி போடாத விதி வேண்டாம்

எல்லா விதிக்கும் தொடக்கத் தேதி இருக்கட்டும். ரேட் மாறினால் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதாதீர்கள். பழைய விதியை மார்ச் 31இல் முடித்து, ஏப்ரல் 1இல் புதிய விதியைத் தொடங்குங்கள். அழித்து எழுதினால், யாராவது ஒரு பழைய டைம்ஷீட்டைத் திறந்து சேமித்த நிமிடத்தில் போன வருட பில் புதிய ரேட்டில் மறுபடி கணக்காகிவிடும். கணக்கு எழுதும் டேலியில் ஒரு தொகை, ஷிஃப்ட் மென்பொருளில் ஒரு தொகை.

கர்நாடகத்தில் அகவிலைப்படி ஏப்ரல் 1இல் மாறும். டெல்லி கிளைக்கு ஏப்ரலும் அக்டோபரும், மும்பைக்கு ஜனவரியும் ஜூலையும். ஆணை கைக்கு வந்து சேர்வது தள்ளிப்போனாலும் அமலாவது அந்தத் தேதியிலிருந்துதான். அதனால் "அரியர்ஸ்" (நிலுவை) என்று ஒரு தனிப் பில் வகையை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். பழைய பில்லைத் திருத்தாமல் வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாம்.

10. பழைய மாதத்தை ஓட்டிப் பார்ப்பது

முதல் படியில் எடுத்துவைத்த மஸ்டர் ரோலை இப்போது மென்பொருளில் ஏற்றுங்கள். வரும் பில்லைக் கையால் போட்ட பில்லோடு ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் மட்டும் பார்க்காதீர்கள். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே கோணலான ஷிஃப்ட்களைப் போடுங்கள். ஆறாவது படியில் பார்த்த அக்டோபர் 31 இரவு. மார்ச் 31 இரவு ஏறி ஏப்ரல் 1 காலை இறங்குபவர். ஒரே நாளில் இரண்டு சைட். அவுட் பஞ்ச் மறந்தவர்: சில மென்பொருள்கள் அவரை 24 மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதி 16 மணி ஓ.டி. தரும். ஒரு பில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒப்புதலுக்கு நிறுத்தும் வரம்பு இருந்தால் அதை இங்கேயே வைத்துவிடுங்கள்.

விடை ஒத்துப்போகவில்லையென்றால் உடனே ரேட்டைத் தட்டிச் சரிசெய்ய கை பரபரக்கும். வேண்டாம். ஐந்தாவது படியிலிருந்து ஒவ்வொரு விதியாக அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த விதியைப் போட்டதும் தொகை விலகுகிறதோ அங்கே இருக்கிறது தப்பு. சில நேரம் தப்பு கையால் போட்ட பில்லில் இருக்கும். கிளையன்ட் பணமும் கொடுத்திருப்பார். அதை முதலாளியிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு, விதிகளைத் திருத்தும் அனுமதியை இரண்டு பேருக்கு மட்டும் விட்டு மற்றவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஃபீல்டு ஆபீசருக்கு ஷிஃப்ட்டைத் திருத்தும் அனுமதி போதும். கோபித்துக்கொள்வார், ஒரு பில் சைக்கிள் போனால் சரியாகிவிடும்.